ஒரு கிலோமீட்டர் கோட்டுக்குள் நமக்கு இடம் உண்டா?



உங்கள் வீட்டில் இந்த ஆண்டு ஆறு வயது நிறையும் பிள்ளை இருந்தால், ஜூலை மாதம் நெருங்கும்போதே வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிடும். தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு நடக்கும் காலம் அது. நம் தாத்தா பாட்டி காலத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பெயரை எழுதிக்கொள்வார்கள். இன்று நாம் முதலில் பார்ப்பது பள்ளிக்கூடத்தை அல்ல, வரைபடத்தை. சிங்கப்பூர் நில ஆணையத்தின் ‘ஒன்மேப்’ வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டி, விரும்பும் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வருகிறதா என்று பார்க்கிறோம். வந்தால் பெருமூச்சு. வராவிட்டால் கணவனும் மனைவியும் வீடு மாறுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இது எல்லா இனத்துப் பெற்றோருக்கும் உள்ள கவலைதானே, இதில் சிறுபான்மையினருக்கு என்று தனியாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே படிக்கும் பள்ளியில் தம்பி தங்கைக்கு முதல் கட்டத்திலேயே இடம் கிடைத்துவிடும். அதற்கு அடுத்து, அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களுடைய பிள்ளைகள். அதன் பிறகு 2பி என்ற கட்டம். பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோர், பள்ளியோடு தொடர்புடைய தேவாலயம் அல்லது சீனக் குலமரபுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், அடித்தள அமைப்புகளில் சேவையாற்றும் சமூகத் தலைவர்கள் ஆகியோர் இதில் வருவார்கள். எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரணக் குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது 2சி கட்டம். ஒரு கட்டத்தில் இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடிவிட்டால், ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் குடிமக்களுக்கு முதல் உரிமை, ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அடுத்தது, அப்பால் இருப்பவர்களுக்குக் கடைசி. நிரந்தரவாசிகள் இவர்களுக்கும் பின்னால். ஒரே வட்டத்துக்குள் போட்டி வந்தால் குலுக்கல்.

தமிழ் அமைப்பு ஒன்று நிறுவி, அதன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு 2பி கட்டத்தில் இடம் தரக்கூடிய தொடக்கப்பள்ளி இன்று நம்மிடம் இல்லை. நாட்டின் கடைசித் தமிழ் உயர்நிலைப்பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியே 1982இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே சங்கத் தொடர்பு என்ற வாசல் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. தொண்டூழியம் செய்ய நேரமும், பழைய மாணவர் என்ற உரிமையும் இல்லாத குடும்பத்துக்கு மிஞ்சுவது தூரம் ஒன்றுதான். அதனால்தான் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக முக்கியமாகிறது.

அந்த அளவை 2022இல் மாற்றினார்கள். அதற்கு முன்பு பள்ளிக்குள் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அங்கிருந்து உங்கள் புளோக்குக்கு உள்ள தூரத்தைக் கணக்கிட்டார்கள். 2022ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து பள்ளி நிலத்தின் எல்லைக்கோட்டில் உங்கள் கட்டடத்துக்கு மிக அருகில் உள்ள இடத்திலிருந்து அளக்கிறார்கள். கூடவே 2சி கட்டத்துக்கென ஒவ்வொரு பள்ளியும் ஒதுக்கிவைக்கும் இடங்கள் 20இலிருந்து 40ஆக உயர்ந்தன. இந்த இரண்டாவது மாற்றம் நல்ல மாற்றம், மனமாரப் பாராட்டுகிறோம்.

முதல் மாற்றத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். புள்ளியிலிருந்து அளந்ததை எல்லைக்கோட்டிலிருந்து அளந்தால் யாருடைய வீடும் தூரமாகப் போகாது. எல்லோரும் பள்ளிக்குக் கொஞ்சம் நெருங்கி வருவார்கள், சிலர் புதிதாக ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். பரந்த திடல் உள்ள பள்ளி என்றால் வட்டம் இன்னும் பெரிதாகும். ஆனால் வகுப்பறை நாற்காலிகள் கூடவில்லையே! நேற்று வரை 1.1 கிலோமீட்டரில் இருந்தவர் இன்று உள்ளே வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். நேற்றே உள்ளே இருந்தவர், அந்த உள்ளிடத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கியவர், இன்று அதே நாற்காலிக்குக் கூடுதல் பேரோடு குலுக்கலில் நிற்கிறார். ஒரு கோட்டை எங்கிருந்து அளப்பது என்ற நிர்வாக முடிவு ஒருவருக்குச் சொத்தாகவும் இன்னொருவருக்கு இழப்பாகவும் மாறிவிடுகிறது.

சொத்து என்று நாம் சும்மா சொல்லவில்லை. வீடு விற்கும் விளம்பரங்களைப் பாருங்கள். எத்தனை அறை, எந்த மாடி என்பதற்கு அடுத்து எம்ஆர்டி நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்று வரும், அதற்கும் முன்னால் ‘இன்ன பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள்’ என்ற வரி வந்துவிடும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பள்ளிகள் இடம் மாறிய நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு வீட்டு விலைகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளி கிளம்பிப் போனால் பழைய இடத்தைச் சுற்றியிருந்த வீடுகளின் விலை இறங்குகிறது என்பது அவர்கள் கண்டது. சுவர் அதே சுவர், ஜன்னல் அதே ஜன்னல், காப்பிக்கடையும் அங்கேயேதான் இருக்கிறது. போனது கோடு மட்டும்தான்.

அப்படி ஒரு பெரிய இடமாற்றம் இப்போது நம் கண்முன்னே வந்துகொண்டிருக்கிறது. பார்க்கர் சாலையில் இருக்கும் ஆங்கிலோ சீனப் பள்ளியின் தொடக்கப்பள்ளி 2030இல் தெங்காவுக்கு மாறும், அங்கே ஆண் பெண் இருபாலரும் படிக்கும் பள்ளியாகும் என்று 2023இல் அறிவித்தார்கள். பார்க்கர் சாலை வட்டாரத்தில் தனியார் வீடுகளே அதிகம். தெங்கா வீவக வீடுகள் நிறைந்த புதிய நகரம். ஒரு பிரபலப் பள்ளியின் ஒரு கிலோமீட்டர் வட்டம் பணக்காரர்களின் தெருக்களை விட்டு அடுக்குமாடி மக்களிடம் வருவது நல்லதுதான், இதை எதிர்க்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. தனியார் வீட்டை எந்த இனத்தவரும் எந்த இனத்தவருக்கும் விற்கலாம். வீவக வீட்டுக்கு அப்படி இல்லை. அந்த வட்டம் தெங்காவுக்கு வரும்போது அதன்மேல் இன்னொரு கோடும் விழுகிறது. நாம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இன ஒருங்கிணைப்புக் கொள்கையை 1989 மார்ச்சில் நடைமுறைப்படுத்தினார்கள். அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன், நம்மவர். ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சீனருக்குப் பேட்டையில் 84, புளோக்கில் 87. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியரும் பிறரும் என்ற பிரிவுக்கு முதலில் 10, 13 என்று இருந்ததை 2010இல் 12, 15 என்று உயர்த்தினார்கள். ஓர் இனத்தின் வரம்பு நிரம்பிவிட்டால் அந்த இனத்தவர் அங்கே வீடு வாங்குவதற்கு ஒரே வழி, அதே இனத்தவர் ஒருவரிடமிருந்து வாங்குவதுதான்.

இப்போது 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, பிறர் 3.2. பேட்டை வரம்போடு ஒப்பிட்டால் சீனருக்கு ஏறத்தாழ 10 புள்ளி இடைவெளி இருக்கிறது, மலாய்க்காரருக்கு 8 புள்ளிக்கு மேல். இந்தியரையும் பிறரையும் கூட்டினால் 12.2. வரம்பு 12. மூச்சுவிட இடமில்லை! தனியார் வீடுகளில் வாழ்பவர்களையும் சேர்த்த கணக்கு இது, வரம்போ வீவக வீடுகளில் உள்ள குடும்பங்களை வைத்துக் கணக்கிடப்படுவது, ஆகவே இரண்டையும் அப்படியே பொருத்த முடியாது என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் மூன்று பிரிவுகளில் எது சுவரை ஒட்டி நிற்கிறது என்பதைக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

வாங்குபவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பெயர் வாங்கிய ஒரு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு ஒன்று கிடைக்கிறது. உங்கள் கையிருப்புக்கு ஏற்ற விலை. வங்கியும் சரி என்கிறது. முகவர் புளோக் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார். இந்தியர் விகிதம் நிரம்பிவிட்டது, விற்பவர் சீனர், உங்களுக்கு விற்க முடியாது. 100 வீடுகள் உள்ள புளோக்கில் 15 வீடுகள்தான் உங்களுக்கும் யூரேசியர் உள்ளிட்ட பிறருக்கும் சேர்த்து. அந்த 15இல் ஒருவர் விற்க முன்வந்தால்தான் உங்களுக்கு வழி. அவருக்கு அது தெரியும், விலையிலும் அது தெரியும். (இங்கே இந்திய விற்பனையாளர் ஒருவருக்கு அனுகூலம் கிடைக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் பணமும் இன்னொரு இந்தியக் குடும்பத்தின் சட்டைப்பையிலிருந்துதான் வருகிறது.) உங்களுக்கு அடுத்து அதே வீட்டைப் பார்க்க வந்த சீனத் தம்பதி அன்றே முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மீது நமக்கு எந்தக் கோபமும் இல்லை.

விற்பவராக நினைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் புளோக்கில் சீனர் விகிதம் 87ஐ எட்டிவிட்டது. உங்கள் வீட்டை நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. மலாய்க்காரர், இந்தியர், பிறர் ஆகியோரில் ஒருவர் வரவேண்டும். பக்கத்து வீட்டுச் சீன அண்டைவீட்டாருக்கு எல்லா இனத்தவரும் வாடிக்கையாளர்கள். உங்களுக்கு நான்கில் ஒரு பங்கு மக்கள்தான்.

இதோடு சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள். சீனமொழிப் பள்ளிகளின் பாரம்பரியத்தைக் காப்பதற்காக 1979இல் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் இது. இன்று தொடக்கப்பள்ளிகளில் 15 இந்தத் திட்டத்தில் இருக்கின்றன. கிளமெண்டியில் நான் ஹுவா, மரின் பரேட்டில் தாவ் நான், தோ பாயோவில் பெய் சுன் என்று பெற்றோர் வரிசையில் நிற்கும் பள்ளிகள் பலவும் இதில் அடக்கம். அங்கே தாய்மொழிப் பாடம் சீனம் மட்டும்தான். சீனம் எடுத்துப் படிக்கத் தயார் என்றால் எந்த இனத்துப் பிள்ளையும் சேரலாம் என்பது விதி. உங்கள் பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் அந்தப் பள்ளி உங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தாலும் உங்களுக்கு அது இல்லாத பள்ளிதான்.

அப்படிப்பட்ட பள்ளிக்கு 600 மீட்டர் தூரத்தில் உங்கள் வீடு இருக்கிறது, புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்காகக் கூடுதல் விலை தரத் தயாராக இருப்பவர் சீனப் பெற்றோர். அவருக்கு உங்களால் விற்க முடியாது. உங்களால் விற்க முடிந்த தமிழ்க் குடும்பத்துக்கு அந்தப் பள்ளி தேவையில்லை, அதற்காக ஒரு வெள்ளி கூடக் கூடுதலாகத் தரமாட்டார்கள். 700,000 வெள்ளி பெறுமான வீட்டில் பள்ளியின் பெயரால் ஐந்து விழுக்காடு ஏறுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் அது 35,000 வெள்ளி. ஒரே மாடியில், ஒரே அளவு வீட்டில், ஒரே தூரத்தில் இருந்தும் உங்கள் அண்டைவீட்டார் கையில் அந்தப் பணம், உங்கள் கையில் இல்லை. வாங்கும்போது அந்த வட்டாரத்துக்கான விலையை நீங்களும்தானே கொடுத்தீர்கள்?

இதை அரசாங்கம் மறுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இந்தக் கொள்கை பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. பாட்டாளிக் கட்சியின் லியோன் பெரேரா கேள்வி எழுப்பினார். சில வீட்டு உரிமையாளர்கள், குறிப்பாகச் சிறுபான்மையினர், விற்பதில் சிரமப்படுகிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்ட அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ, கொள்கை இன்னும் தேவை என்று வாதிட்டார். 2022 மார்ச்சில், நெடுநாள் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு வீவகவே வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நம் குழுவுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. இந்தத் தலையங்கத்தை எழுதும் நமக்கு அதில் உடன்பாடு இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

1980களில் எந்த இனத்தவர் எங்கே கூடினார்கள் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிடோக்கிலும் தெம்பனீசிலும் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், ஈசூனின் சில பகுதிகளில் இந்தியர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல ஈசூன் பக்கம் வந்தன. கேன்பரா சாலைப் பக்கம் இருந்த புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் கூடப் பின்னர் ஈசூன் தொழிற்பேட்டைக்கு மாறியது. நம்மவர்கள் பக்கத்தில் நம்மவர்கள் இருந்தால் பண்டிகை களைகட்டும், தமிழ் வகுப்பில் பிள்ளைகள் நிறைவார்கள். ஆனால் வரம்பு எதுவுமில்லாமல், காசு இருப்பவன் எடுத்துக்கொள் என்று விட்டிருந்தால், பெயர்பெற்ற பள்ளிகளின் ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இன்று எத்தனை தமிழ்க் கதவுகள் மிஞ்சியிருக்கும்? சீனர் வரம்பு 87 என்பது உங்களை விற்கவிடாமல் தடுக்கிறது, உண்மைதான். அதே வரம்புதான் அந்தப் புளோக்கில் 13 கதவுகளைச் சிறுபான்மையினருக்கு வைத்திருக்கிறது. அதைத் தளர்த்திச் சீனருக்கு விற்க அனுமதித்தால் உங்கள் 35,000 வெள்ளி உங்களுக்குக் கிடைத்துவிடும், ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு கதவு நிரந்தரமாக மூடும். பத்து ஆண்டு கழித்து அந்தப் பேட்டையின் சாதாரணப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்தப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். தமிழ் படிக்கும் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் பிள்ளை வேறு பள்ளிக்கோ நிலையத்துக்கோ போய்த் தமிழ் படிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வீட்டில் குறைந்துகொண்டே வரும் மொழிக்குப் பள்ளிதான் பிடிமானம். அதையும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால்?

ஆகவே நாம் கேட்பது வேறு. இனங்கள் கலந்து வாழ்வது நாடு முழுவதற்கும் நன்மை என்றால் அதற்கான செலவை நாடு முழுவதும் ஏற்கவேண்டும். இப்போது அந்தச் செலவை, வரம்பு நிரம்பிய புளோக்கில் தற்செயலாக மாட்டிக்கொண்ட தமிழரும் மலாய்க்காரரும் தனித்தனியாகத் தங்கள் வீட்டு விலையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீவக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு கடைசிப் புகலிடமாக இல்லாமல் உரிமையாக இருக்கவேண்டும். அதே மாடியில் சீன அண்டைவீட்டார் எந்த விலைக்கு விற்றாரோ அந்த விலை, பள்ளியின் பெயரால் வரும் கூடுதலையும் சேர்த்து, நமக்கும் கிடைக்கவேண்டும். அப்படி வாங்கிய வீட்டை மற்றொரு சிறுபான்மைக் குடும்பத்துக்கே, அவர்களால் கட்ட முடிந்த விலையில் விற்கட்டும். இடையில் விழும் பள்ளத்தைப் பொதுப்பணம் நிரப்பட்டும். கதவும் மூடாது, விற்றவரும் ஏமாறமாட்டார்.

இந்தியருக்கும் பிறருக்கும் உரிய 12, 15 என்ற வரம்பு 2010க்குரியது. மக்கள்தொகை மாறியதால்தான் அன்று உயர்த்தினார்கள். 2020 கணக்கெடுப்பு வந்த பிறகு அதை மீண்டும் திறந்து பார்த்திருக்கவேண்டும்.

பள்ளி இடம் மாறும்போதும், பள்ளிகள் இணையும்போதும், அளக்கும் முறை மாறும்போதும் கல்வி அமைச்சு ஒரு முடிவு எடுக்கிறது. வீட்டு வரம்பு தேசிய வளர்ச்சி அமைச்சின் கையில். 2017இல் 28 பள்ளிகளை 14ஆக இணைக்கப்போவதாக அறிவித்தார்கள், அவற்றில் 14 தொடக்கப்பள்ளிகள். குறைந்து வரும் பிள்ளைகள் தொகையைப் பார்த்தால் இனியும் இணைப்புகள் வரத்தான் செய்யும். ஒவ்வோர் அறிவிப்பிலும் பேருந்துச் சேவை பற்றிய வரி இருக்கும், பழைய கட்டடத்தின் நினைவுகளைப் பாதுகாப்பது பற்றிய வரியும் இருக்கும். புதிய இடத்தைச் சுற்றியுள்ள புளோக்குகளில் எத்தனையில் இந்தியர் வரம்பு, மலாய்க்காரர் வரம்பு நிரம்பியிருக்கிறது, அங்கே ஒரு சிறுபான்மைக் குடும்பம் குடிவர முடியுமா என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இரண்டு அமைச்சுகளும் தங்கள் இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு அறிவிக்கட்டும். கணினிக்கு அது ஒரு மதிய நேர வேலை.

வாடகைக்குக் குடியிருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூரத்தைக் காட்டி இடம் வாங்கிய குடும்பம் அந்த முகவரியில் பதிவுக் காலத்திலிருந்து 30 மாதம் வசிக்கவேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. பள்ளிக்காகப் பெயருக்கு ஒரு வீட்டை எடுத்து ஏமாற்றுபவர்களைத் தடுப்பதற்கு வந்த விதி, நியாயமானது. ஆனால் வாடகை ஒப்பந்தம் வழக்கமாக ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டு. 24 மாதம் முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் அல்லது வீட்டைக் காலி செய்யச் சொன்னால், ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாத குடும்பம் தன் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும் நிலைக்குத் தள்ளப்படலாம். வீடு வாடகைக்குத் தேடும்போது ‘இந்தியர் வேண்டாம்’ என்ற பதிலைக் கேட்டு அலுத்துப்போனவர்கள் நம் வாசகர்களில் எத்தனை பேர் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. அதே வட்டத்துக்குள் இன்னொரு வீடு பிடிப்பது அவர்களுக்கு எவ்வளவு எளிது? வீட்டுக்காரர் வெளியேற்றியதற்கு ஒப்பந்தம் ஆதாரமாக இருக்கும்போது, பிள்ளை அதே பள்ளியில் தொடர்வது கருணையாக இல்லாமல் விதியாகவே இருக்கவேண்டும்.

வீடு வாங்கவோ விற்கவோ இருக்கும் வாசகர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் புளோக்கில் எந்த இனத்தின் வரம்பு நிரம்பியிருக்கிறது என்பதை வீவகவின் இணையச் சேவையில் பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அது புதுப்பிக்கப்படுகிறது. முன்பணம் கொடுக்கும் முன்பு பாருங்கள், முகவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். விற்க முயல்பவர்கள் எந்தத் தேதியில் விளம்பரம் போட்டீர்கள், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வரம்பு காரணமாகத் திரும்பினார்கள், என்ன விலை கேட்டார்கள், அதே மாதத்தில் அதே புளோக்கில் அதே அளவு வீடு என்ன விலைக்குப் போனது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டோடு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்வுக்குப் போங்கள். நம் வேதனையைச் சொன்னால் ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள். தேதியும் விலையும் எழுதிய தாளைக் கொடுத்தால் அமைச்சுக்குக் கடிதம் எழுதுவார்கள், அமைச்சும் பதில் எழுதியாகவேண்டும்.